பாவுக் குச்சியைக் கைவிட்ட காலை

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில், பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே இது நடந்தது.

மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் பழக்கம். கிரிப்டோவில் பணம் போடும் முன்பும் ஏழு விதிகள் எழுதி வைத்திருந்தேன். முதல் விதி, சேமிப்பில் பாதிக்கு மேல் போடக் கூடாது. இரண்டாவது, விலை சரியும்போது பதறி வாங்கவோ விற்கவோ கூடாது. மற்ற ஐந்தும் இதே ரகம்தான். எல்லாம் நிதானமாக இருந்தபோது எழுதியவை. சேமிப்பின் மறுபாதியைத் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கியிருந்தேன்.

அன்று பக்கத்து வீட்டு அக்கா தறியில் ஏற்றவிருந்த பட்டுப் பாவை, அதாவது சேலையின் நீள இழைகளை, தெருவில் நீட்டிக்கொண்டிருந்தோம். யார் வீட்டுப் பாவு என்றாலும் எங்கள் தெருவில் எல்லோரும் கைகொடுப்போம். நீளமாக ஓடும் இழைகள் தொய்யாமல் நிற்க, ஆளுக்கொரு குச்சியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

விடிவதற்குள் கிரிப்டோவில் நான் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம். தங்கையின் பணத்தையும் போட்டு, இந்த விலைக்கு வாங்கினால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு கையில் குச்சி, மறு கையில் போன். தொகையை அடித்து முடித்து, வாங்கும் பொத்தானைத் தொடும் முன் குச்சி நழுவியது.

இழைகள் தொய்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன.

"ஏம்மா, போன்ல யாரு, மாப்பிள்ளையா?" என்றார் எதிர்வீட்டு மாமா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாமா ஆச்சு? வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லியா?" என்றார். வீட்டில்கூடச் சொல்லாததை அவரிடம் கொட்டிவிட்டேன்.

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

என் போனை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "சிக்கு எடுக்க ரெண்டு கையும் வேணும்மா. முடிச்சிட்டு வாங்கிக்கோ. அப்பவும் போடணும்னா போடு, நான் கேக்க மாட்டேன்."

இழை இழையாகப் பிரிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. சில இழைகள் அறுந்தே போயின. அக்காதான் முடிச்சுப் போட்டார். அவர் இடுப்பில் போன் விடாமல் அதிர்ந்தது.

"உன் காசு கத்திக்கினே இருக்குதுமா, பசிக்குதோ இன்னாவோ."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

போன் கைக்கு வந்தபோது விலை இன்னும் கீழே போயிருந்தது. அடித்து வைத்திருந்த தொகையை அழித்தேன். அன்று மாலைக்குள் தங்கையின் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். நான் போட்டதில் பெரும்பகுதி இன்றுவரை திரும்பவில்லை.

விலை சரிந்தால் இப்போதும் பதறுகிறது. பதறாமல் இருக்க எனக்கு இன்னும் தெரியவில்லை, ஆனால் அந்தப் பதற்றத்தைப் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லாமல் பணத்தைத் தொடுவதில்லை.