நெம்மேலி டவரில் பத்தொன்பது நிமிடம்

எங்கள் கம்பெனியின் தரச் சான்றிதழைப் புதுப்பிக்க அடுத்த திங்கட்கிழமை வெளித் தணிக்கையாளர்கள் வருகிறார்கள். அதற்குள் நெம்மேலி செல்போன் டவரைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. அது தேறாவிட்டால் சான்றிதழே தொங்கலில் நிற்கும் என்று மேலாளர் காலையிலேயே மூன்று முறை போன் செய்துவிட்டார். புரிகிறது சார், எத்தனை தடவை?

கூடுவாஞ்சேரியில் 7.10 மின்சார ரயில், செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பேருந்து. சுமார் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடற்கரைக் கோயிலை எட்டிக்கூடப் பார்க்காமல் ஆட்டோ பிடித்தேன், 250 ரூபாய். பேரம் பேசியிருக்கலாம், பொறுமை இல்லை.

டவரைப் பராமரிக்கும் ஒப்பந்த டெக்னீஷியன் தேவராஜ் கேட்டைத் திறந்து வைத்திருந்தார். மின்சாரம் போனால் பேட்டரி நாலு மணி நேரம் தாங்க வேண்டும். செல்போன் ஆப்பில் அவர் மாதாமாதம் அனுப்பிய ஆறு பதிவிலும் அதற்கு நேரே ‘சரி’. கூடவே இணைத்த ஆறு மாதப் படத்திலும் அதே வெள்ளாடு, அதே இடத்தில், அதே காலைத் தூக்கியபடி! கோபம் சுர்ரென்று ஏறியது. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது பார்ப்போம் என்று மெயினை அணைக்கச் சொன்னேன்.

உட்கார முடியாமல் கேட்டுக்கும் டவருக்குமாக நடந்தேன். பத்தொன்பதாவது நிமிடம் சிக்னல் போய்விட்டது. வேலிக்கு வெளியே போன் பேசிக்கொண்டிருந்த மீன்கார அக்கா ஓடி வந்தார்.

“இன்னா மேடம் பண்ணீங்க? எங்க வூட்டுக்காரரு கடல்ல கீறாரு. இன்ஜின் மக்கர் பண்ணுதுன்னாரு, அதோட கட்டாயிடிச்சி.”

உடனே மெயினைப் போட வைத்தேன். மறுபடி லைன் கிடைத்து, தன் தம்பி போட்டில் கட்டி இழுத்து வருகிறார்கள் என்று அந்த அக்கா சொல்லும்வரை எனக்கு உயிரே இல்லை. பிறகு தேவராஜிடம் ஏன் பொய்யாகப் பதிந்தீர்கள் என்று கேட்டேன்.

“புது பேட்டரி மூணு வாட்டி கேட்டேன், வரல. ஆப்புல ‘சரி’ அமுக்கலேன்னா பதிவு உள்ளயே போவாது மேடம். போவலேன்னா அன்னிக்கு எனக்கு ஆப்சென்ட்.”

ஆப்பில் அந்தப் படிவத்தை அமைத்தவள் நான். குறையைச் சரிசெய்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று அப்படி வைத்து, கூட்டத்தில் கைதட்டல்கூட வாங்கினேன். வெட்கமாக இருந்தது.

இப்படித் தணிக்கைக்குப் போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள், நிழலே கிடையாது. மாமல்லபுரத்திலிருந்து நெம்மேலிக்குப் பேருந்தே உண்டு, ஆட்டோ வேண்டாம். மெயினைத் தொடும் முன் எல்லாப் போட்டும் கரைக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

திரும்பும் பேருந்தில் மேலாளர் மறுபடி கூப்பிட்டார். டவர் தேறவில்லை, பத்தொன்பது நிமிடம் என்று எழுதிவிட்டேன் என்றேன். காரணம் என்ற கட்டத்தில் தேவராஜ் பெயரைத்தானே போட்டிருக்கிறாய் என்று கேட்டார்.

என் பெயரைப் போட்டிருக்கிறேன் என்றேன்.