அணைக்கு அருகே மூழ்கிய பாலம்: ஒன்பது மீற்றர் ஆழத்தில் ஒரு சனிக்கிழமை

சுழியோடுவது பற்றித் தமிழில் தேடிப் பார்த்தேன். முத்துக்குளிப்பும் கடற்படையும்தான் வந்தன. காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கியூபெக் ஏரிகளுக்குள் இறங்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு வரியும் இல்லை. ஆகவே நானே எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் நித்திரை. விசைகளை மெல்லத் தட்டி எழுதுவதால் பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பதினாறு வயது. எங்கள் பகுதி நீச்சல் குளத்தில் எட்டு வாரப் பயிற்சி முடித்திருந்தேன். சான்றிதழ் கிடைக்க ஏரியில் இரண்டு தடவை இறங்கிக் காட்டவேண்டும். செப்ரெம்பர் கடைசிச் சனிக்கிழமைதான் 2007இல் மிஞ்சியிருந்த ஒரே நாள். தவறினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். படிவத்தில் கையெழுத்து வைத்தது அப்பா. அம்மாவுக்குத் தெரியாது. போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து படகில் இந்தியாவுக்குத் தப்பிப் போன பிறகு அம்மா ஆற்றங்கரைப் பூங்காவுக்குக்கூட வருவதில்லை. தெரிந்தால் அன்றோடு எல்லாம் நின்றுவிடும். எனவே அம்மாவுக்குச் சொன்ன கணக்கில் அன்று அப்பாவுக்கு ஓவர்டைம், எனக்கு நூலகம்.

காலை 6.40க்கு எங்கள் வீடு இருக்கும் சென் லோரனிலிருந்து புறப்பட்டோம். 15ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே, மொத்தம் 104 கிலோமீற்றர், ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். கடைசி ஏழு கிலோமீற்றர் கல்லுச்சாலை. அதற்கு முன்பு ஒரு டெப்பனர், அதாவது சின்னப் பலசரக்குக் கடை, வரும். கழிப்பறைக்கு அங்கேயே போய்விடுங்கள். ஏரியில் மரங்கள் மட்டும்தான்.

வழி முழுக்க அப்பா கேள்வி கேட்டார்.

"மூக்குக்குள்ள தண்ணி போனா என்ன செய்வாய், பிள்ளை?"

"ஊதி வெளியால விடவேணும்."

"எங்க, ஒருக்கா ஊதிக் காட்டு."

"நீங்கள் றோட்டைப் பாருங்கோ அப்பா."

அவர் கேட்டது சரியான கேள்வி. தண்ணீருக்கு அடியில் கண்ணாடி முகமூடிக்குள் வேண்டுமென்றே நீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றவேண்டும். குளத்தில் நான் அதை மூன்று தடவை செய்தேன், இரண்டு தடவை பயந்து மேலே ஓடி வந்தேன்.

முன்பு இந்த ஏரி ஒரு சிற்றாறு. அணை கட்டியபோது ஒரு மர ஆலையும் அதற்குப் போன சாலையும் சின்னக் கற்பாலமும் நீருக்குள் போயின. அணையிலிருந்து இருநூறு மீற்றர் தள்ளிச் செம்மஞ்சள் மிதவைகள் வரிசையாக மிதக்கின்றன. அவற்றைத் தாண்டவே கூடாது. மதகு திறந்தால் நீர் ஆளை இழுத்துவிடும். அன்று மதகு மூடியிருக்கிறதா என்று பயிற்சியாளர் ஜோசே முதலில் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்தார்.

கரையில் ரெஜான் என்ற பெரியவர் வரிசையாக ஆணி அடித்த ஒரு பலகையோடு இருந்தார். இறங்குபவர் தன் பெயர்த் தகட்டை ஆணியில் மாட்டவேண்டும், ஏறியதும் தானே கழற்றவேண்டும். பன்னிரண்டு பேர் மாட்டினோம்.

10.15க்கு கயிற்றைப் பிடித்து இறங்கினேன். ஆறு மீற்றர் வரை தாங்கக்கூடிய குளிர். அதற்குக் கீழே வெப்பநிலை ஒரே நொடியில் பதினாறு பாகையிலிருந்து ஒன்பதுக்கு விழுகிறது, பல் கூசுகிறது. நான்கு மீற்றர் தூரத்துக்கு அப்பால் எல்லாம் பச்சை மங்கல். முதலில் அடிமரங்கள் தெரிந்தன, அணை கட்டும் முன் வாளால் அறுத்தவை, வெட்டு முகம் இன்னும் தட்டையாக இருந்தது. பிறகு, ஒன்பது மீற்றரில், பாலம். கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு மீன் அசையாமல் நின்றது. முகமூடியைத் திற என்று ஜோசே சைகை காட்டினார். திறந்தேன். மூக்கில் குளிர்நீர் ஏறியதும் ஊத மறந்துபோனேன். வேகமாக ஏறினால் நுரையீரலுக்கு ஆபத்து என்பதால், மேலே பாய்ந்த என்னை ஜோசே தோள்பட்டியில் பிடித்து, மெதுவாகத்தான் ஏறவிட்டார்.

தலையை வெளியே நீட்டினால் கரையில் ஒரே பரபரப்பு. பலகையில் என் ஆணி காலி. நான் யாருக்கும் தெரியாமல் ஏறிப் போய்விட்டேன் என்று நினைத்த ரெஜான், என்னைத் தேடி வாகனத் தரிப்பிடத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார். தகடு அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

"என்னப்பா செய்தனீங்கள்?"

"உயிரோட இருக்கிற பிள்ளையின்ர பேரை ஆணியில தொங்கவிடுறதோ? தமிழ்க் கடைக் கண்ணாடியில மரண அறிவித்தல் ஒட்டின மாதிரிக் கிடந்தது. பாக்க ஏலாமல் கழட்டிப்போட்டன்."

ரெஜான் கத்தவில்லை. என்னிடம் பிரெஞ்சில் சொன்னார்: "உன் அப்பாவிடம் சொல். உன் பெயர் இங்கே இல்லையென்றால் உன்னைத் தேடி யாரும் இறங்கமாட்டோம்."

தமிழில் சொன்னேன். அப்பா ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "காணும் மகள், போவம். வாற வருசம் பாப்பம்" என்றார்.

"நான் இறங்கப்போறன்."

"உடம்பு விறைச்சுப்போய்க் கிடக்கு உனக்கு."

"விறைச்சாலும் இறங்குவன்."

12.40க்கு என் தகட்டை நானே மாட்டினேன். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

இந்த முறை பாலத்தின் மேல் முழங்காலிட்டேன். ஜோசே தலையசைத்தார். நீரை விட்டேன். கண் எரிந்தது, கல், மீன், ஜோசே எல்லாமே மறைந்துபோனது. முகமூடியின் மேல்விளிம்பை அழுத்தி, முகத்தை நிமிர்த்தி, மூக்கால் ஊதினேன். பாதிதான் போனது. இருமல் வந்தது, வாய்க்குழாய்க்குள்ளேயே இருமினேன். மறுபடி ஊதினேன். மூன்றாவது தடவை பாலம் திரும்பி வந்தது, ஜோசேயின் கையும் வந்தது, அதைக் குலுக்கினேன். பிறகு ஆலைச் சுவர் வரை நீந்தினோம். பன்னிரண்டு மீற்றரில் ஒரு யன்னல் இருக்கிறது. அதற்குள் நுழைய அனுமதியில்லை, வெளியே நின்று விளக்கடித்துப் பார்க்கலாம். மொத்தம் இருபத்தேழு நிமிடம்.

நான் கரையேறும்போது அப்பா தகட்டைக் காட்டி, "பா துஷே! பா துஷே!" என்று ரெஜானிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தொடவில்லையாம்.

போக நினைப்பவர்களுக்கு: ஏழு மில்லிமீற்றர் தடிப்புள்ள ரப்பர் உடை கேளுங்கள், நாள் வாடகை நாற்பது டொலர். கையுறையும் வேண்டும். சிலிண்டர் நிரப்ப எட்டு, பெற்றோலுக்குப் பதினெட்டு. இரண்டு தடவைக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் ஆறுங்கள். சூடான சூப் கொண்டுபோங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரைத் தொடவிடமாட்டார்கள். கூட வரும் பெற்றோருக்குப் பலகையின் சட்டத்தை முன்பே விளக்கிவிடுங்கள்.

திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: "அம்மாட்ட நான் பேந்து சொல்லுறன்."

"எப்ப?"

"பேந்து."

சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஆனால் எனக்கு ஏதாவது நடந்திருந்தால் அம்மா என்னை நூலகத்தில்தான் தேடியிருப்பா. இரண்டு நாளாக அதுவே மனதில் நிற்கிறது. சொன்னால், வேண்டாம் என்றுதான் முதலில் சொல்லுவா. அழுவா. இனி ஏரியே இல்லை என்றும் ஆகலாம். அது ஒன்பது மீற்றரைவிடப் பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இன்னொரு தடவை இறங்கமாட்டேன், சொல்லாமல் இதைப் பதிவிடவும் மாட்டேன்.

அம்மா ஐந்து மணிக்கு வேலைக்கு எழும்புவா. இப்போது 4.50. தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போகிறேன்.