சொல்லாமல் விட்ட இரண்டு வார்த்தை

அந்தோணிராஜ் கரையான்சாவடிக்காரர். அப்பா ஆவடி டாங்கி தொழிற்சாலையில் வெல்டர். விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கியும் எண்பதுகள் முழுக்க அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு விற்கும் கம்பெனி ஒன்றில் இருந்துகொண்டு, லைசென்ஸ் செத்துப் போய்விடாமல் இருக்க அவ்வப்போது போய்க் கொஞ்ச நேரம் பறந்துவிட்டு வருவார். தொண்ணூறுகளில் தனியார் விமானக் கம்பெனிகள் முளைத்தன. அதில் சின்னக் கம்பெனி ஒன்று அவரைத் துணை விமானியாக எடுத்துக்கொண்டபோது காதோரம் நரைத்திருந்தது. மனைவி ஹில்டா, பள்ளிக்கூட டீச்சர், அன்றைக்குத் தெரு முழுக்க கேக் கொடுத்தார்.

கம்பெனி வேன் விடியற்காலையில் வரும். கரையான்சாவடியில் அவரை ஏற்றிக்கொண்டு, மாங்காட்டில் கஸ்தூரியை ஏற்றும். கஸ்தூரி அதே கம்பெனியில் விமானப் பணிப்பெண். அவள் அம்மா நாகம்மாள் மாடு வைத்துப் பால் ஊற்றுபவர். வேனில் கஸ்தூரி வாய் ஓயாமல் பேசுவாள், அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

பெரும்பாலும் கேப்டன் ஜெயராமனோடுதான் அந்தோணிராஜுக்கு வேலை. ஜெயராமன் கைதேர்ந்த விமானி. எந்தக் காற்றிலும் பூப்போல இறக்குவார். வெளியூரில் தங்கினால் எல்லோருக்கும் அவர்தான் சாப்பாடு வாங்கித் தருவார். அவரிடம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

ஒருமுறை மதுரையில் இறங்கும்போது விமானம் இருக்க வேண்டியதைவிட உயரமாக இருந்தது. அந்தோணிராஜ் "கோ அரவுண்ட்" என்றார். இறங்காதே, மேலே ஏறிச் சுற்றி வந்து மறுபடி இறங்கு என்று அர்த்தம். இரண்டு விமானிகளில் யார் அதைச் சொன்னாலும் மற்றவர் கேட்டாக வேண்டும் என்பது விதி. ஜெயராமன் ஒரு வார்த்தை பேசாமல் மேலே ஏற்றினார். சுற்றி வந்து அழகாக இறக்கினார்.

அன்று மாலை ஊழியர் அறையில் டீ குடிக்கும்போது, நம்ம ராஜ் சாருக்கு இறங்க மனசே வராது, பூந்தமல்லி பஸ்ஸில் போனால்கூட டெர்மினஸைச் சுற்றி வரச் சொல்வார் என்றார் ஜெயராமன். எல்லோரும் சிரித்தார்கள். கஸ்தூரியும் சிரித்தாள். அதிலிருந்து அவர் பெயர் கோ அரவுண்ட் ராஜ். ஜெயராமன் அதை வன்மமாகச் செய்யவில்லை, மறுநாளே மறந்துவிட்டார். அந்தோணிராஜால்தான் மறக்க முடியவில்லை.

தொண்ணூற்று ஐந்தில், மழைக்காலத்தில், மலையோரத்துச் சின்ன விமான நிலையம் ஒன்றுக்குப் போனார்கள். புறப்பட்டதே தாமதம். இருட்டிவிட்டால் அங்கே இறங்க முடியாது, சென்னைக்கே திரும்ப வேண்டும். மேகத்தைவிட்டு வெளியே வந்தபோது ஓடுபாதை கிட்டத்தில் தெரிந்தது. விமானம் உயரத்திலும் இருந்தது, வேகமும் அதிகம். பாதை மழையில் பளபளத்தது.

"சார், வேகம் ஜாஸ்தி" என்றார் அந்தோணிராஜ்.

"தெரியுது."

கொஞ்சம் பொறுத்து, உயரமும் அதிகம் என்றார். ஜெயராமன் தலையை மட்டும் ஆட்டினார். சொல்ல வேண்டிய அந்த இரண்டு வார்த்தை அந்தோணிராஜின் நாக்கு வரை வந்தது. இவர் எத்தனையோ தடவை இறக்கியவர், இதையும் இறக்கிவிடுவார் என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். பாதையின் முதல் பாதி சக்கரம் படாமலே கீழே ஓடி மறைந்தது. தொட்டபோது மீதி போதவில்லை. விமானம் பாதை முடிந்தும் வழுக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்து இரண்டாக உடைந்தது. முன்பக்கத்தில் இருந்தவர்கள் காயத்தோடு பிழைத்தார்கள். பின்பக்கம் தீப்பிடித்தது. அங்கே இருந்தவர்களில் ஒன்பது பேர் வெளியே வரவில்லை. கஸ்தூரியின் இருக்கை கடைசி வரிசைக்குப் பின்னால்.

கைக்கட்டு பிரித்ததும் அந்தோணிராஜ் மாங்காட்டுக்குப் போனார். நாகம்மாள் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். வாளியை வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நீ பக்கத்துலதானே நைனா குந்திகினு இருந்தே?"

"ஆமாம்மா."

"தப்பா எறங்குதுன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"சொன்னியா?"

"வேகமா போவுதுன்னு சொன்னேன். எறக்காதீங்கன்னு சொல்லல."

"இன்னாத்துக்கு சொல்லல?"

அவர் உண்மையைத்தான் சொன்னார். "முன்னாடி ஒருவாட்டி சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

அந்த பஸ் கதையைக் கஸ்தூரி வீட்டிலும் வந்து சொன்னாளாம், அம்மாவும் மகளும் சேர்ந்து சிரித்தார்களாம். அதைச் சொல்லி முடித்ததும் நாகம்மாள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார்.

"உன்னைத் திட்டணும்னு கீது. வாய் வரல. இனிமே இந்தப் பக்கம் வராத நைனா."

விசாரணை சென்னையில் நடந்தது. கேப்டன் ஜெயராமன் ஊன்றுகோலோடு வந்திருந்தார். தப்பை யார் மேலும் தள்ளவில்லை. இறங்குவதென்று முடிவெடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டார். துணை விமானி எச்சரித்தாரா என்று கேட்டபோது, வேகத்தையும் உயரத்தையும் சொன்னார், கோ அரவுண்ட் என்று சொல்லவில்லை என்றார். சொல்லியிருந்தால்?

"ஏறியிருப்பேன். ஒருமுறை சொன்னார், ஏறினேன்" என்றார் ஜெயராமன், அந்தோணிராஜைப் பார்க்காமலே.

அது பொய் என்று அந்தோணிராஜால் நினைக்க முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மதுரையில் அவர் மறுபேச்சு பேசாமல் மேலே ஏற்றியது கண்முன்னே நின்றது.

ஜெயராமன் அதோடு பறப்பதை விட்டுவிட்டார். அந்தோணிராஜின் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள், பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். ஆள் பற்றாக்குறை இருந்ததால் வேறொரு கம்பெனி கூப்பிட்டது. போகமாட்டேன் என்றவரை ஹில்டாதான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினார். இத்தனை வருஷம் காத்துக் கிடந்தது இதற்காகவா என்று கேட்டார்.

முதலில் சிமுலேட்டரில் சோதனை. அறைக்குள் நிற்கும் பொய் விமானம் அது, கண்ணாடியில் பொய் ஓடுபாதை தெரியும். சோதிப்பவர் கேப்டன் இருக்கையில் உட்கார்ந்து வேண்டுமென்றே தப்பாக இறக்கினார். அந்தோணிராஜ் உடனே கோ அரவுண்ட் என்றார். நல்லது என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை சோதிப்பவர் சரியாகவே இறக்கினார். அதற்கும் கோ அரவுண்ட் என்றார். மறுபடியும் சரியாக இறக்கிப் பார்த்தார்கள். மறுபடியும் அதையே சொன்னார்.

சோதிப்பவர் விளக்கைப் போட்டார். இதில் எது தப்பு, காட்டுங்கள் என்று தன்மையாகக் கேட்டார். அந்தோணிராஜ் கருவிகளின் முட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. அவருக்கு மட்டும் எதுவும் சரியாகத் தெரியவில்லை. கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அவர் மறுபடி போகவில்லை.

இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய கம்பெனிக்கே போய்வருகிறார். பம்புகளை லாரியில் ஏற்றி அனுப்பும் வேலை. எதை முதலில் ஏற்றுவது என்று தொழிலாளர்கள் கேட்டால், மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போவார். மகள் பத்தாவது முடித்ததும், அறிவியலா வணிகவியலா என்று ஹில்டா கேட்டார். நீயே பார்த்துச் சொல்லு என்றார். வீட்டை விற்கலாமா என்று கேட்டபோதும் அதே பதில். சாப்பிட சப்பாத்தி போடவா, சோறு வைக்கவா என்று கேட்டாலும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் ஹில்டா பொறுக்க முடியாமல், "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, தப்பா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். அவர் வாயைத் திறந்தார். சொல்லத் தெரியவில்லை என்றார்.

அதற்குப் பிறகு ஹில்டா கேட்பதில்லை.