ஆறு மணிக்கு இறங்கிய சுருதி

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மொரப்பூர் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் எங்கள் பாட்டுக் கச்சேரி. அங்கே நான் ஒரு தப்பு செய்தேன். அது தெரியாமல் செய்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் இன்னொரு தப்பு செய்தேன். அது தெரிந்தே செய்தது.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் பெட்டியைப் பற்றித் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தர்மபுரியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஃபிசிக்ஸ் எடுக்கிற வாத்தியார். ஒன்றரை வருடமாக வீட்டு முன்னறையில் ஒரு சிந்தசைஸர் செய்துகொண்டிருக்கிறேன். கரண்டை வைத்தே இசை உண்டாக்குகிற சமாசாரம். தந்தி கிடையாது, தோல் கிடையாது, ஊதவும் வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளில் வந்த படங்களைப் பார்த்து, பாதி புரிந்து, மீதியை ஊகித்துச் செய்தது.

உண்மையில் அது ஒரு பெட்டி இல்லை, நாலு பெட்டி. ஒன்று சத்தத்தை உண்டாக்கும். இன்னொன்று அந்தச் சத்தத்தின் கரகரப்பை வடிகட்டும். மூன்றாவது, சத்தம் எப்படி எழும்பி எப்படி அடங்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளும். நாலாவது எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும். எதை எதோடு சேர்ப்பது என்பது நம் இஷ்டம் — நடுவில் வயர் குத்த வேண்டும். ஒரு மாதிரி குத்தினால் புல்லாங்குழல் போல வரும். வயரை மாற்றிக் குத்தினால் அதுவே ரயில் கூவுகிற மாதிரி ஆகிவிடும். எங்கே குத்தினால் என்ன வரும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. குத்திப் பார்க்க வேண்டியதுதான்.

ஒருநாள் குத்திப் பார்த்ததில் எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார், கேஸ் சிலிண்டர்தான் கசிகிறது என்று!

வாசிப்பதற்கான கட்டைகளைப் பழைய ஹார்மோனியம் ஒன்றிலிருந்து கழற்றிப் பொருத்தினேன். ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் ஒவ்வொரு அளவு வோல்ட்டேஜ் போகும். வோல்ட்டேஜ் கூடினால் ஸ்வரம் ஏறும். குறைந்தால் ஸ்வரம் இறங்கும். என் பெட்டியின் மொத்த சாஸ்திரமும் இவ்வளவுதான். இதைத்தான் நான் மறந்தேன்.

சோல்டரிங் வேலை முழுவதும் காரிமங்கலம் அன்வர் பாய். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். என்னைவிட நாலு வயது சின்னவர், என்னைவிட நாற்பது மடங்கு பொறுமைசாலி. டிரான்ஸ்ஃபார்மரைத் தன் கையாலேயே சுற்றித் தந்தவர், அப்போதே எச்சரித்தார்.

“சார், ரெகுலேட்டர் போடாம வெளியூருக்கு எடுத்துட்டுப் போவாதீங்க. லைன்ல வோல்ட்டேஜ் ஏறி எறங்குனா உங்க பொட்டியும் கூடவே ஏறி எறங்கும்.”

வோல்ட்டேஜை ஒரே அளவில் நிறுத்தி வைக்கிற அந்த ரெகுலேட்டர் தர்மபுரியில் கிடைக்கவில்லை. பெங்களூரிலிருந்து வரவேண்டும். யார் காத்திருப்பது? வீட்டில் நன்றாகத்தானே வாசிக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் மெல்லிசைக் குழுவுக்குத் தலைவர் மாதையன். டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர், பாங்கோஸ் மேளம் வாசிப்பார். என் பெட்டியைக் கேட்ட அன்றே முடிவு செய்துவிட்டார்.

“வாத்தியாரே, இனிமே ஆர்மோனியம் எதுக்கு? இத ஒண்ண மட்டும் எடுத்தாங்க. சனங்க வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கும்.”

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கச்சேரிக்கு வாசிக்கிற ஹார்மோனியம் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆக, மேடையில் ஸ்வரம் பேசுகிற வாத்தியம் என் பெட்டி ஒன்றுதான். மற்றதெல்லாம் தாளம்.

பாடகி சரோஜா. கடத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். என் பெட்டியை முதல் தடவை பார்த்தபோது எல்லோரும் பயந்து தள்ளி நின்றார்கள். அவர் மட்டும் கிட்டே வந்தார்.

“இது எங்க போர்டு மாதிரியே இருக்குதுங்க சார். இந்த வயர அங்க குத்துனா லைன் கெடைக்குமா?” என்று கேட்டவர், என் பதிலுக்குக் காத்திருக்காமல் குத்தினார். எனக்கு ஒரு மாதமாகப் பிடிபடாத வயலின் நாதம் வந்தது. நாள் முழுக்க வயர் குத்துகிற கை, நாள் முழுக்கக் குரல் கேட்கிற காது. சத்தத்தில் இம்மி பிசகினாலும் சொல்லிவிடுவார்.

சரோஜா தன் அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறார். கச்சேரிக்குப் போக அண்ணன் சம்மதித்ததற்கு ஒரே நிபந்தனைதான்: ஊரில் ஒரு பேச்சு வரக் கூடாது. வந்தால் அன்றோடு பாட்டு நின்றுவிடும். இது எனக்கும் தெரியும், மாதையனுக்கும் தெரியும்.

இனி ஞாயிற்றுக்கிழமை.

மண்டபம் ஊருக்கு வெளியே, சுற்றிலும் தோட்டம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆரம்பித்தோம். முதல் நாலு பாட்டு அமர்க்களம். சாப்பிடப் போனவர்கள்கூட இலையை விட்டுவிட்டு வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையே மேடைக்கு வந்து, “இதுக்குள்ள டேப் ஓடுதுங்களா?” என்று கேட்டார். இதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

ஆறு மணி ஆயிற்று.

எங்கள் மாவட்டத்தில் கிணறு வைத்திருக்கிற யாரும் மோட்டார் ஸ்விட்சை அணைப்பதில்லை. போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்போது வருகிறதோ, அப்போது மோட்டார் தானாக ஓடிக்கொள்ளும். அன்று அந்த லைனுக்குக் கரண்ட் வந்தது ஆறு மணிக்கு. சுற்றுவட்டாரத்தில் இருக்கிற அத்தனை பம்ப்செட்டும் ஒன்றாகக் கிளம்பின. மண்டபத்து டியூப் லைட் இரண்டு தடவை கண் சிமிட்டியது. தலைக்கு மேலே ஓடிய ஃபேனின் இறக்கைகளை எண்ணிவிடலாம் போல ஆயிற்று.

அதே நேரத்தில் சரோஜா ஐந்தாவது பாட்டை ஆரம்பித்தார். முதல் இரண்டு வரிக்கு வாத்தியம் கிடையாது, குரல் மட்டும். நாலு பாட்டாகப் பாடி வந்த சுருதியிலேயே, கோடு போட்ட மாதிரிப் பாடினார். மூன்றாவது வரியில் நான் சேர்ந்துகொண்டேன்.

சேரவில்லை. குரல் ஓரிடத்தில், பெட்டி அதற்குக் கீழே எங்கேயோ.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “அம்மணிக்குச் சுதி சேரலயேப்பா!” என்று ஒரு குரல். மாதையன் பாங்கோஸை அடித்துக்கொண்டே, இறங்கு இறங்கு என்று தலையால் ஜாடை காட்டினார். சரோஜா என்னைப் பார்த்தார். பிறகு பாவம், குரலை இறக்கினார். அந்த நேரம் பார்த்து எங்கோ சில மோட்டார்கள் நின்றிருக்க வேண்டும். ஃபேன் கொஞ்சம் வேகமெடுத்தது. பெட்டி மேலே ஏறிவிட்டது! மண்டபமே சிரித்தது. இரண்டாவது சரணத்தைப் பாடாமலே மைக்கை மாதையனிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார் சரோஜா.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபேனைப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. ஃபிசிக்ஸ் வாத்தியார் அல்லவா? எங்கள் வீட்டிலும் கிணறு இருக்கிறதே. பெட்டியின் முகப்பில் சுருதிக் குமிழ் ஒன்று உண்டு. அதைத் திருகி அவருடைய குரலோடு சேர்த்திருக்கலாம். ஆனால் திருகினால் தப்பு பெட்டியுடையது என்று அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் மாப்பிள்ளை வந்து பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்... நான் திருகவில்லை. ஒன்றும் தெரியாதவன் மாதிரிக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆரம்பத்தில் சொன்னேனே, தெரிந்தே செய்த தப்பு. இதுதான் அது.

சாமான்களைக் கட்டும்போது மாதையன் சரோஜாவிடம் பட்டென்று சொல்லிவிட்டார், “அடுத்த புரோகிராமுக்கு வேற ஆள் பாத்துக்கறங்க. நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க.”

“ஆமாங்க. தொண்டதான் சரியில்லீங்க போல,” என்றார் சரோஜா.

எனக்கு அங்கேதான் வலித்தது. அவர் காதையே அவர் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில்தான் உட்கார்ந்து வந்தார். வழி முழுக்க ஒரு வார்த்தை நான் பேசவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் காரிமங்கலம் போனேன். அன்வர் பாய் கடையில், திருகித் திருகி வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கிற ஸ்டெப்-அப் ஒன்று உண்டு. அதில் பெட்டியை மாட்டி ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தேன். அவர் ஒரு படி குறைத்தார். ஸ்வரம் இறங்கியது. இன்னொரு படி. இன்னும் இறங்கியது. கடைக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

“அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?”

“இல்லை.”

“அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?”

அங்கிருந்து நேராக மாதையன் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவே இல்லை.

“மிசினு எங்கியாச்சும் தப்பு பண்ணுமா வாத்தியாரே? மனுசங்கதான் தப்பு பண்ணுவாங்க. நீங்க அந்தப் பொண்ணுக்காகப் பரிஞ்சு பேசறீங்க.”

“மிஷினைச் செய்ததும் மனுஷன்தானே மாதையன்?”

இதை நான் பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். பெட்டி ஒரு ஸ்வரம் சொல்கிறது, பெண் ஒரு ஸ்வரம் சொல்கிறாள். மண்டபத்தில் இருந்த ஒருவருக்குக்கூடப் பெட்டி மேல் சந்தேகம் வரவில்லையே, ஏன்? குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூடச் சுருதி விலகாதவர் அவர். என் பெட்டிக்கு அது முதல் மேடை. ஆனாலும் சந்தேகப்பட ஆள் தேவைப்பட்டதும், எல்லோருடைய கண்ணும் நேராக அவரிடம்தான் போனது. புது மிஷினுக்கு நாம் கொடுக்கிற மரியாதையை, பக்கத்தில் நிற்கிற பழகிய மனுஷிக்குக் கொடுப்பதில்லை.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கடத்தூர் போனேன். எக்ஸ்சேஞ்சில் போர்டு முன்னால் உட்கார்ந்திருந்தார் சரோஜா. காதில் ஹெட்ஃபோன், கையில் வயர். நான் வாசலில் நின்றபடியே பம்ப்செட், வோல்ட்டேஜ், ஃபேன் எல்லாவற்றையும் சொன்னேன். குமிழைத் திருகாமல் இருந்ததையும் சொன்னேன். நடுவில் இரண்டு கால் வந்தன. குத்தி லைன் கொடுத்துவிட்டு மறுபடி என் பக்கம் திரும்பினார்.

“எனக்கு அங்கியே தோணுச்சுங்க சார், பொட்டிதான் எறங்குதுன்னு. ஆனா அத்தன பேரும் சிரிக்கறப்ப... நம்ம காதுதான் போச்சோன்னு நெனச்சுட்டேன்.”

“மன்னிச்சிடுங்கம்மா. அண்ணன்கிட்ட வேணும்னா நானே வந்து சொல்றேன்.”

“அண்ணனோட மாமனார் வூட்டு ஆளுங்க அந்தக் கல்யாணத்துல இருந்தாங்க. திங்கக்கெழம காலையிலேயே பேச்சு வந்துருச்சுங்க. பாட்டு போதும்னு சொல்லிட்டாரு.” ஒரு வயரை உருவி எடுத்தார். “நீங்க நல்லவருதாங்க சார். இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. ஆனா அங்க மண்டபம் நெறயச் சனம் கேட்டுச்சு. இங்க நான் ஒருத்திதானுங்களே கேக்கறேன்?”

நியாயமான கேள்வி. வாத்தியாரான நான் நின்றுகொண்டிருந்தேன், பாடம் படிக்காமல் வந்த பையன் மாதிரி.

“அண்ணன் உங்க பத்தியத் தவறாமப் படிப்பாருங்க,” என்றார் அவர். “மொரப்பூர்லயும் நெறயப் பேரு அந்தப் பத்திரிகைய வாங்குவாங்க.”

புரிந்துவிட்டது. “எழுதறேன்மா. பேர் போட வேண்டாம், கடத்தூர்ல ஒரு பாடகின்னு மட்டும்...”

“ஏனுங்க?” முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. “சுதி சேரலன்னு ஊரெல்லாம் பேசுனப்ப பேரச் சொல்லித்தானே பேசுனாங்க? பேரப் போட்டே எழுதுங்க.”

மொரப்பூர் கல்யாணத்துக்கு வந்திருந்த எல்லோருக்கும், குறிப்பாகக் கடத்தூரில் வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற ஓர் அண்ணனுக்கும்: அன்று சரோஜா சரியாகத்தான் பாடினார். சுருதி தப்பியது நான்.