வெயிலில் பார்க்க விடாத சேலை

கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த ஒரு பெண்ணை, அதை வாசல் வெயிலில் பிரித்துப் பார்க்க நான் விடவில்லை. கதவைத் திறந்தால் ஏசியின் குளிர் வெளியே போய்விடும் என்று காரணம் சொன்னேன். காரணம் உண்மைதான். ஆனால் என் கடை விளக்கில் தெரிந்த அந்தச் சேலையின் நிறம் பொய். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விற்றேன்.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அப்பா நடத்திய ஜவுளிக்கடையில் பகலில் விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. ஓட்டுக்கூரை. அதன் நடுவே வரிசையாகக் கண்ணாடி ஓடுகள் பதித்திருந்தார்கள். அவற்றின் வழியே இறங்கும் வெயில் காலையில் மேற்குச் சுவரில் தொடங்கி, மாலையில் கிழக்கு அலமாரிக்கு வந்து சேரும். வெள்ளைத் துணி விரித்த பாயையும் அதன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போவார்கள். சேலை பார்க்க வந்தவர்களும் பேச்சை விடாமல் கூடவே நகர்ந்து உட்காருவார்கள்.

அப்படியும் நிறத்தில் ஐயம் என்றால் தெருவுக்குத்தான். இரண்டு பெண்கள் சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து வெயிலில் விரிப்பார்கள். கரும்பு வண்டி வந்தால் ஒதுங்கி நின்று வண்டிக்காரரிடமும் கேட்பார்கள். "கலரு சோக்காகீது, கரதான் கம்மி" என்று கரையின் அகலம் பார்த்து அவரும் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். புதுத்துணியின் கஞ்சி வாசனையும், அந்த வெயில் பட்டையில் மிதந்த பஞ்சுத் தூசியும் இன்றும் என்னை விடவில்லை.

நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவன். அப்பாவுக்குப் பிறகு கடை என் கைக்கு வந்ததும் ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் கூரை போட்டேன். அதற்குக் கீழே அட்டைக்கூரை, சன்னல்கள் இருந்த இடமெல்லாம் அலமாரி, முன்னால் கறுப்புக் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்தெல்லாம் கூட்டம் வந்தது. பாதிப் பேர் துணி வாங்க, பாதிப் பேர் குளிர.

ஆனால் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலைக் குடித்து அதைக் கடைக்குள் இறக்கியது. ஏசிகள் ஓயாமல் ஓடியும் போதவில்லை. மின்கட்டணத்தைக் கண்டு பயந்து சிக்கனத்தில் இறங்கினேன். கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினேன். குறைந்த மின்சாரம் இழுக்கும் மஞ்சள் விளக்குகளை மலிவாக வாங்கி மாட்டினேன். துணியை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டேன். அந்த விளக்கின் கீழே கறுப்பு கலந்த பட்டெல்லாம் அரக்குச் சிவப்பாகத் தெரிந்தது. ஒளி மாறினால் நிறம் மாறும் என்பதைப் பரீட்சையில் எழுதித் தேறியவன் நான். தேங்கிக் கிடந்த கறுஞ்சாயல் சேலைகள் விற்றுத் தீர்ந்தபோது பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தப் பெண் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து வந்தவள். மகனுக்குக் கல்யாணம். தாலி கட்டும்போது மருமகள் உடுத்த அரக்குச் சேலை வேண்டும் என்றாள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வெளிய எடுத்துக்கினு போய் ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன் மொதலாளி."

"வெளிய எடுத்துக்கினு போவக் கூடாதும்மா. கதவத் தொறந்தா குளிரு பூடும்."

"குளிரு போனா திரும்ப வரும். எம் புள்ளைக்குக் கல்யாணம் திரும்ப வருமா?"

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அரக்குதாம்மா. நம்பி எடுத்துக்கினு போ" என்றேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவள் திரும்பி வந்தாள். உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே படியில் சேலையை விரித்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இப்ப வந்து பாரு மொதலாளி. இது இன்னா கலரு? பொண்ணு வூட்டாண்ட பிரிச்சா கறுப்பு! கல்யாணத்துக்கு வந்தீங்களா, எழவுக்கு வந்தீங்களான்னு கேக்கறாங்க. மாத்திக் குடு."

வெயிலில் அது கறுப்பாகத்தான் இருந்தது. கடை நிறையக் கூட்டம். ஒப்புக்கொண்டால் எல்லோரும் கையிலிருக்கும் சேலையோடு வாசலுக்குப் போவார்கள். "மடிப்புக் கலைஞ்சா மாத்தறதில்லம்மா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அடுப்புப் பொகையில வச்சா எந்தச் சேலையும் கறுக்கத்தான் செய்யும்" என்றும் சொன்னேன்.

உள்ளே யாரோ சிரித்தார்கள். அவள் சேலையைப் படியிலேயே விட்டுவிட்டுப் போனாள். அதை மடித்து அலமாரியில் வைக்கச் சொன்னேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, மின்வெட்டு தினப்படியான காலத்தில், ஒரு நாள் ஜெனரேட்டரும் நின்றுவிட்டது. புழுக்கம் தாளாமல் கதவுகளை விரியத் திறந்து வைத்தோம். வெகு காலத்துக்குப் பிறகு கடைக்குள் பகல் வந்தது. அரக்கு என்று அடுக்கி வைத்திருந்த வரிசையில் பாதி கறுப்பு. அடியில் அந்தச் சேலையும் விற்காமல் கிடந்தது.

அட்டைக்கூரையைப் பிரித்தேன். கான்கிரீட்டில் திறப்பு வெட்டிக் கண்ணாடி பதித்தேன். அலமாரிகளை நகர்த்திச் சன்னல்களை மீட்டேன். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்ததும் கூரையின் கொதிப்பு தணிந்தது. பகலில் விளக்கு வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலான நாட்கள் மின்விசிறியே போதும் என்றாயிற்று. மின்கட்டணமும் இறங்கியது. ஆகவே இதையெல்லாம் பிராயச்சித்தம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அந்த வெளிச்சத்தில் நல்ல அரக்குச் சேலை ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் பேருந்து ஏறினேன். அவள் பெயர் தெரியாது. வெள்ளிமலை தாண்டி இறங்கி ஒரு டீக்கடையில், கல்யாணச் சேலை கறுப்பாகப் போன வீடு எது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கறுப்புச் சேலக்காரி வூடா? அதோ, அந்தப் பலா மரத்தாண்ட."

அவளுக்கு அந்தப் பேர் நிலைத்துப்போயிருந்தது.

அவள் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "உள்ள வராதீங்க மொதலாளி. அடுப்புப் பொக இருக்குற வூடு, உங்க சேல கறுத்துப் பூடும்." நான் நீட்டிய சேலையை வாங்கி முற்றத்து வெயிலில் பிரித்தாள். உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். "இது அரக்கு" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"பொண்ணு அவ சித்தி சேலயக் கட்டிக்கினு மணையில ஒக்காந்தா. இன்னிக்கும் சண்ட வந்தா மருமவ அந்தக் கறுப்புச் சேலயத்தான் இழுப்பா. இத்த இப்ப யாருக்குக் கட்டறது?"

"தப்பு என்னுதும்மா. கறுப்புன்னு தெரிஞ்சேதான் வித்தேன்."

"எனக்குத் தெரியாதா அது? எங்கிட்ட சொல்லி இன்னா? டீக்கடையாண்ட போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். சொல்லி முடித்ததும் ஒரு பெரியவர், "அப்ப கறுப்புச் சேலக்காரரு நீதானா?" என்றார். கீழே இறங்கும் பேருந்து வருவதற்குள் அந்தப் பேர் எனக்கு ஒட்டிக்கொண்டது. மலையிலிருந்து வருகிறவர்கள் இன்றும் என் கடையைக் கறுப்புச் சேலக்காரர் கடை என்றுதான் சொல்கிறார்கள்.

சில வருடங்கள் கழித்து, தன் பேத்தி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அவள் கள்ளக்குறிச்சிக்கு வந்தாள், மருமகளோடு. கதவை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு சேலையாகத் தெருவுக்கும் கடைக்கும் நடந்தார்கள். கடைசியில் ஒன்றும் பிடிக்கவில்லை என்று எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். நானும் கடையில் வேலை பார்க்கும் பெண்ணும் உட்கார்ந்து குவியலை மடித்துக்கொண்டிருந்தோம். வெளியே தூறல் பிடித்தது.

சற்று நேரத்தில் அவர்கள் மறுபடி உள்ளே வந்தார்கள். எதிர்க்கடையில் எடுத்த சேலையை அவள் என் கூரைக் கண்ணாடிக்கு நேர் கீழே விரித்தாள்.

"மழையில வெளிய பாக்க முடியல. அவன் கடையில ஒரே லைட்டு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சொல்லு, இது இன்னா கலரு?"

"அரக்கு" என்றேன்.

அவள் கடைப்பெண்ணின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா."