பல்லால் ஒயர் சீவியவர்

நாங்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறை சுவிட்சை மாற்றியது. செவ்வாய்க்கிழமை காலை. நான் மெயினை அணைத்தேன். அப்பா ஸ்டூலில் ஏறிப் பழைய சுவிட்சைக் கழற்றினார்.

"ஸ்ட்ரிப்பர்," என்று கையை நீட்டினார்.

கொடுத்தேன். ஒயரின் மேல்தோலை ஒரு சென்டிமீட்டர் சீவி, முறுக்கி, மாட்டினார். பதினொரு நிமிடம். மெயினைப் போட்டதும் விளக்கு எரிந்தது.

"அப்பாடா, வெங்காயம் எது விரல் எதுன்னு இப்பத்தான் தெரியுது," என்றாள் அம்மா.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். கை வாயை மறைக்கப் போகவில்லை.

நான்கு நாள் கழித்து மாரடைப்பு. அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஸ்ட்ரிப்பரைப் பற்றிச் சொல்ல முடியும்.

அப்பா எலக்ட்ரீஷியன். நாற்பத்தொரு வருடம் ஏணிமேல் நின்றவர். அத்தனை வருடமும் அவரிடம் ஸ்ட்ரிப்பர் இருந்ததில்லை. ஒரு கையில் டெஸ்டர், ஒரு கையில் ஒயர், முனை வாயில். கடித்து ஒரு இழு. பிளாஸ்டிக் தோலைத் துப்பிவிட்டு அடுத்த ஒயர். அறுபத்து மூன்று வயதில் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பாதி உயரம்தான் இருந்தன. கீழ்வரிசையும் அதே கதி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். சிரிப்பு வந்தால் உள்ளங்கையால் மூடிக்கொள்வார்.

"ஊருக்கெல்லாம் லைட்டு போடுறாரு, வாயை மட்டும் இருட்டா வச்சிருக்காரு," என்பாள் அம்மா.

நான் பல் லேபில் வேலை செய்கிறேன். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செய்வது என் தொழில். அப்பா என்னை 'பல் மெக்கானிக்' என்பார். மெக்கானிக்கின் வீட்டில் இப்படி ஒரு வாய். இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர் தேய்ந்தால் நரம்பு திறந்துகொள்ளும், பிறகு பல்லைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் சொன்னேன்.

முதலில் பார்த்த டாக்டர், எட்டுப் பல்லையும் சுற்றிலும் சீவிவிட்டு மேலே கேப் போட வேண்டும் என்றார். அப்பா நாற்காலியிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இருக்கிறதே பாதி. அதையும் சீவிட்டா அப்புறம் எதை நம்பி நிக்கிறது?"

"அப்பா, அது பழக்கமான முறைதான்."

"ஒயரைக் குட்டையா வெட்டிட்டா இழுத்து நீட்ட முடியுமா? நான் எந்தப் பெட்டியிலயும் அரை அடி மிச்சம் விடாம வெட்டினதில்ல. என் பல்லுக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாதா?"

இரண்டு வருடம் அதற்குமேல் பேச்சில்லை. சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டார். பேச்சும் குறைந்தது.

பிறகு எங்கள் லேபுக்கு வேலை அனுப்பும் ஒரு டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சீவுவதில்லை, சேர்ப்பவர். தேய்ந்த பல்லின்மேல் பல் நிறத்தில் ஒரு பசையை வைத்து, நீல ஒளி காட்டி இறுக வைப்பார். ஊசி வேண்டியதில்லை. அப்பாவின் முதல் கேள்வி, "பிடிக்கலைன்னா?"

"பசையை மட்டும் தேய்ச்சு எடுத்துடலாம். உங்க பல்லு இப்ப எப்படி இருக்கோ அப்படியே அடியில இருக்கும்," என்றார் டாக்டரம்மா.

இரண்டாவது கேள்வி, "அந்த நீல லைட்டு எத்தனை வாட்ஸு?"

அச்செடுத்தார்கள். மெழுகில் பற்களை நான் வடித்தேன். எட்டும் ஒரே வரியில், ஒரே சாய்வில் இருந்தன. அதே வடிவத்தைத் தற்காலிகப் பிளாஸ்டிக்கில் எடுத்து, ஒட்டாமல் சும்மா பல்லின்மேல் ஏற்றி ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பினார் டாக்டரம்மா. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு?"

"ஏன், உன் புருஷன்தான்," என்றார் அப்பா.

"என் புருஷனுக்கு இடது பல்லு ஒண்ணு லேசா முன்னால எட்டிப் பாக்கும். கட்டிக்கிட்டதே அதைப் பாத்துத்தான்."

பழைய புகைப்படம் ஒன்றைத் தேடி எடுத்தேன். அவள் சொன்னது சரி. அந்தப் பல்லை அரை மில்லிமீட்டர் முன்னால் தள்ளித் திரும்ப வடித்தேன். மறுவாரம் அதே வடிவத்தில் ஒட்டினார்கள். இரண்டரை மணி நேரம். அப்பா அதில் முக்கால் மணி தூங்கினார்.

முன்பற்கள் உயர்ந்துவிட்டதால், கடித்தால் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை. சில மாதத்தில் அவை தானாக நகர்ந்து வந்து சேரும் என்றார் டாக்டரம்மா. அப்பா நம்பவில்லை. தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழித்து, ஒரு துண்டைக் கடைவாயில் வைத்துக் கடித்து இழுத்துப் பார்ப்பார். தாள் வழுக்கிக்கொண்டு வரும்.

"தொடுப்பு இல்ல," என்பார்.

ஒன்பதாம் நாள் மறந்துவிட்டார். ஏணிமேல் இரண்டு கையும் வேலையில், ஒயர் பழையபடி வாய்க்குப் போனது. ஒரு மூலை உடைந்தது. வீட்டில் சொல்லவில்லை. மூன்று நாள் மறுபடி உள்ளங்கையால் வாயை மூடினார். அம்மாதான் கையைப் பிடித்து இறக்கினாள்.

"என்ன இது?"

"போச்சு. அவ்வளவுதான். என் வாய்க்கு இதெல்லாம் ஒத்து வராது."

டாக்டரம்மா திட்டுவார் என்று பயந்துகொண்டே வந்தார். அவர் உடைந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "ஒயரா, சோடா மூடியா?" என்று மட்டும் கேட்டார். உடைந்தது பசைதான், அடியில் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மூலையில் மட்டும் புதுப் பசை வைத்தார். இருபது நிமிடம். இறங்கி வந்த அப்பா, ஒட்டுப்போட்ட இடத்தை நாக்கால் தடவிப் பார்த்தார்.

"முழுசையும் பிரிக்காம, போன இடத்தை மட்டும் சரி பண்ண முடியுதுல்ல? அப்பன்னா வேலை சரியான வேலை."

வழியில் கடையில் இறங்கி ஸ்ட்ரிப்பர் வாங்கினார். கைப்பிடி சிவப்பு. அதை ஒரு சணல் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டார், ஏணிமேல் தேட வேண்டாம் என்று.

ஐந்தாம் மாதம் ஒரு காலை, குளியலறையிலிருந்து கத்தினார்.

"மெக்கானிக்! இங்க வா, இழு!"

கடைவாயில் காலண்டர் துண்டு. இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன், கிழிந்தது. பாதித் தாள் கையில், பாதி அவர் வாயில்.

"கனெக்ஷன் வந்துடுச்சு," என்றார் தாளோடு.

அன்று மதியம் முழுக் கொய்யாவைக் கடித்துச் சாப்பிட்டார். இரண்டரை வருடத்தில் முதல் முறை. சத்தம் பக்கத்து அறை வரை கேட்டது. அம்மா, "மெதுவா, எங்கயும் ஓடிடாது," என்றாள். கொட்டையைக்கூட விடவில்லை.

நேற்று அவருடைய வேலைப் பையைத் திறந்தேன். டாக்டரம்மாவின் காத்திருப்பு அறையில் ஒரு டியூப் லைட் மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒட்டுப்போட்ட அன்றே அப்பா பார்த்துவிட்டார். "சோக்கு போயிடுச்சும்மா. ஆறாம் மாச செக்கப்புக்கு வர்றப்ப மாத்தித் தரேன்," என்று சொல்லியிருந்தார். பையில் புது சோக் இருந்தது, செய்தித்தாளில் சுற்றி. அதனோடு இரண்டு துண்டு ஒயர். தேவைக்கு மேல் அரை அடி மிச்சம். நான்கு முனையும் சீவித் தயாராக இருந்தன. வெட்டு நேராக, சுத்தமாக இருந்தது. எதிலும் பல் தடம் இல்லை.

செக்கப் சீட்டில் வியாழக்கிழமை, மாலை நான்கு மணி. கிளினிக்குக்குப் போன் செய்தேன். அந்த நேரத்தை ரத்து செய்ய வேண்டாம், ஒரு ஸ்டூல் மட்டும் எடுத்து வையுங்கள் என்றேன்.