கமிட் ஆகாத பக்கத்து வீடு

அட்டனில் ஒரு வீட்டுத்திட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்தத் தேயிலைத் தோட்டக் குடும்பத்துக்கு எந்தத் தனி வீடு என்பதைக் கணினியில் பதிவதுதான் என் வேலை. இதில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள் என்று எனக்கு நானே ஒரு நினைப்பு. அது ஒரே காலையில் தவிடுபொடியானது.

ஒற்றையறை வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில், அம்மாவுக்கும் பக்கத்துக் காம்பராவில் இருக்கும், நான் பெரியம்மா என்று கூப்பிடுபவருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் அம்மா இருமினால், "கொத்தமல்லி போட்டுத் தரவா?" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும். புது வீடுகள் ஒதுக்கியபோது அம்மாவுக்கு மேட்டில் விழுந்தது, பெரியம்மாவுக்குப் பள்ளத்தில் கடைசி வீடு.

"ஒத்தையில அங்க கெடக்குறதுக்கு, கொத்மலைக்கு மக வீட்டுக்கே போயிர்றேன்" என்றார் பெரியம்மா. மகளும் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மேட்டில் அம்மாவுக்குப் பக்கத்து வீடு கிடைத்த ஒருவர், பெரியம்மாவோடு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். மேலதிகாரியும் அனுமதித்தார். மாற்றிக்கொள்பவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு மாற்றத் தொடங்கினேன். கணினிக்கு இது இரண்டு வேலை. மேட்டு வீட்டைப் பெரியம்மாவுக்கு எழுத வேண்டும், பள்ளத்து வீட்டை அவருக்கு எழுத வேண்டும். இரண்டும் முடிந்து கமிட் கொடுத்தால்தான் பதிவு நிலைக்கும். அதற்கு முன்னால் ரோல்பேக் என்று அடித்தால் தொட்டதெல்லாம் பழையபடி ஆகிவிடும்.

முதல் வேலையை முடித்தேன். அந்த நேரம் பார்த்து அவருக்கு மனைவியிடமிருந்து போன். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவரின் முகம் சரியில்லை.

"மன்னிச்சுக்கங்க மிஸ். பள்ளத்துப் பக்கம் மழைக்கு மண்ணு சரியுமாம். வீட்டுல ஒரே சண்டை. வேணாம், விட்ருங்க."

என்ன செய்ய? ரோல்பேக் கொடுத்தேன். மேட்டு வீடு மறுபடி அவர் பேருக்கே போனது.

கொஞ்ச நேரத்தில் அம்மா போன் பண்ணினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை.

"நல்லா இருப்ப புள்ள! ஒன் பெரியம்மா லயம் பூராவும் சீனி குடுத்துக்கிட்டு நிக்கிறா!"

"எதுக்கு?"

"பக்கத்து வீடு கெடச்சிருச்சில்ல! ஒங்கூட வேல பாக்குற புள்ளதான் சொல்லிச்சு."

பக்கத்து மேசைத் தோழியைத் திரும்பிப் பார்த்தேன். "அவரு வெளிய பேசப் போயிருந்தப்ப, நீங்க போன் எடுக்கலன்னு அம்மா எனக்கு எடுத்தாங்க. தேடிப் பாத்தேன், பெரியம்மா பேருதான் இருந்துச்சு" என்றாள். மறுபடி தேடினாள். இல்லை. "ஐயோ, என் கண்ணால பாத்தேனே!" என்று சத்தியம் பண்ணினாள். நான் கமிட்டே கொடுக்கவில்லை. கமிட் ஆகாத மாற்றம் இன்னொருவர் திரையில் தெரியாது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பேயா, பிசாசா?

கொழும்பில் இந்த மென்பொருளைச் செய்தவரைக் கூப்பிட்டேன்.

"தேடுற பக்கம் ஸ்லோன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் காத்திருக்காம, கமிட் ஆகாததையும் சேத்து வாசிக்கிற மாதிரி வச்சேன்" என்றார் சாவகாசமாக.

"அப்ப அவ பாத்தது உண்மையா, பொய்யா?"

"பாத்தது உண்மைதான். ஆனா அப்படி ஒரு பதிவு இருந்ததே இல்ல."

இது என்ன பேச்சு? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவரைத் திட்டுவதா, தோழியைத் திட்டுவதா, என்னையே திட்டிக்கொள்வதா என்றும் தெரியவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு லயத்துக்குப் பஸ் ஏறினேன்.

அம்மாவும் பெரியம்மாவும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வேலி வேண்டாம், ஒரு கொய்யா வைக்கலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். முன்னும் பின்னுமாக, தப்பும் தவறுமாகச் சொன்னேன். "என்னாடி ஒளர்ற?" என்றார் அம்மா. பெரியம்மாவுக்கு மட்டும் எப்படியோ புரிந்துவிட்டது.

"நான் மககிட்ட வரலன்னு சொல்லிட்டேனே" என்றார். "ஒன்னவிட எனக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் பெருசுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவ அழுதுட்டா. எனக்குன்னு ஒரு ரூமுக்குப் பெயிண்டெல்லாம் அடிச்சு வச்சிருந்தாளாம்."

பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஆபீஸ்ல என்னமோ அடிச்சா எல்லாம் பழையபடி ஆயிரும்னியே. அத, நான் மககிட்ட சொன்னதுக்கும் ஒருக்கா அடிச்சு விடு புள்ள."

அவர் கேலி பண்ணவில்லை, நிஜமாகவே கேட்டார். தன் போனை என் கையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் மகளுக்கு எடுத்தேன். மணி அடித்தது. பிறகு அந்தப் பக்கம் கட் பண்ணிவிட்டார்கள்.